கொல்லைப்புறக் கீரைகள்: பறிக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களிலேயே, பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் வீடு கட்டப்படாத மனைகளும் வீடுகளின் பின்புறங்களும் பசுமையாகிவிடுகின்றன. யாரும் விதைக்காமலே குப்பைக்கீரை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, மணத்தக்காளி ஆகியவை முளைக்கின்றன. சிலர் இவற்றைக் களையெனப் பிடுங்கி எறிகின்றனர். சிலர் பறித்துச் சமைக்கின்றனர். அண்மைக் காலத்தில் கைப்பேசியில் காணொலி பார்த்துவிட்டு, நோய் தீரும் என்ற நம்பிக்கையில் சாறு பிழிந்து குடிப்போரும் உள்ளனர்.

புறநோயாளிகள் பிரிவில் உணவுப் பழக்கம் பற்றிக் கேட்கும்போது இருவகையான பதில்களைக் கேட்கிறேன். இரத்தசோகை உள்ள பெண்கள் சிலர், பக்கத்து மனையில் கீரை பறிப்பதைக் குரலைத் தாழ்த்திக் கூறுகின்றனர். சிறுநீரக நோய் உள்ளவர்கள் சிலரோ, தினமும் மூக்கிரட்டைச் சாறு குடிப்பதைப் பெருமையுடன் கூறுகின்றனர். முன்னவர் வெட்கப்படத் தேவையில்லை. பின்னவர் உடனே நிறுத்த வேண்டும். ஒரே மண்ணில் முளைத்த கீரை ஒருவருக்கு உணவாகவும் மற்றொருவருக்கு ஆபத்தாகவும் ஏன் அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பறிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இது எந்தச் செடி? இது எந்த மண்ணில் வளர்ந்தது? இதை உண்ணப்போவது யார்?

இக்கீரைகளை ஏன் ஒதுக்க வேண்டியதில்லை?

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் கீரை உண்ண வேண்டும் எனக் கூறுகின்றன. நம் வீடுகள் பலவற்றில் வாரத்திற்கு ஒரு நாள் கீரை சமைப்பதே அரிதாக உள்ளது.

தானாக முளைக்கும் கீரைகள் சத்தில் கடைக் கீரைக்குக் குறைந்தவை அல்ல. குப்பைக்கீரையும் தண்டுக்கீரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரும்புச்சத்து, கால்சியம், ஃபோலிக் அமிலம், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின், நார்ச்சத்து ஆகியவற்றை இவை தருகின்றன.

குப்பையில் முளைத்த கீரையை உண்பது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில், பசியால் வாடும் பாணர் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து உப்பின்றிச் சமைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதெனக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்துடன் உண்கிறாள். அந்த நாணத்திற்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை. மருத்துவரிடம் இதனை மறைக்காமல் கூறுங்கள். எதை உண்கிறீர்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்குச் சரியான ஆலோசனை வழங்க இயலும்.

எனினும், கீரையிலுள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியையே உடல் ஈர்த்துக்கொள்கிறது. எனவே கர்ப்பிணிகளும் இரத்தசோகை உள்ளவர்களும், கீரை உண்கிறோம் என்பதற்காக அரசு மருத்துவமனையில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. கீரை மாத்திரைக்குத் துணையாகும், மாற்றாகாது.

முதல் கேள்வி: இது எந்தச் செடி?

மேற்குச் சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் பரவலாகக் காணப்படும் உண்ணத்தக்க கீரைகள் சில:

- குப்பைக்கீரை: இலையின் நுனி கூராக இல்லாமல் சற்றுப் பிளந்தாற்போல் இருக்கும். பச்சை நிறப் பூங்கதிர் உச்சியில் தோன்றும். கணுக்களில் முள் இருந்தால் அது முள்ளிக்கீரை; அதன் இளந்தளிரும் உண்ணத்தக்கதே.
- மூக்கிரட்டை: தரையில் படரும். தண்டு செந்நிறம் கலந்தது. இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். மெல்லிய காம்புகளில் மிகச் சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் தோன்றும்.
- சாரணை: மூக்கிரட்டையைப் போலவே படரும், ஆனால் இலை சதைப்பற்றுள்ளது. பூ காம்பின்றி இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். முற்றிய இலை வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கர்ப்பிணிகள் இதனைத் தவிர்க்கவும்.
- பருப்புக்கீரை: தடித்த, வழவழப்பான சிற்றிலைகளும் மஞ்சள் பூவும் உடையது. தண்டைக் கிள்ளினால் பால் வராது. இதைப் போலவே தரையோடு படரும் அம்மான் பச்சரிசி வகைச் செடிகளைக் கிள்ளினால் வெண்பால் வரும். பால் வரும் செடியைக் கீரையுடன் சேர்க்காதீர்கள்.
- தொய்யக்கீரை: நீண்ட காம்பில் இளஞ்சிவப்புப் பூங்கதிர் தோன்றும். பருப்புடன் கடைவதற்கு ஏற்றது.
- பொன்னாங்கண்ணி: ஈரமான இடங்களில் படரும். இலைக்கக்கத்தில் சிறு வெண்ணிறப் பூக்கொத்து இருக்கும்.
- மணத்தக்காளி: சிறு வெண்பூக்கள், கொத்தாகக் காய்க்கும். பழுத்த பழத்தையும் சமைத்த இலையையும் உண்ணலாம். பச்சைக் காயில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் உள்ளதால் குழந்தைகள் அதனைப் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- புளியாரை: மூன்று இதய வடிவச் சிற்றிலைகள், மஞ்சள் பூ, புளிப்புச் சுவை. துவையலில் சிறிதளவு சேர்க்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றதன்று.

பெயரை மட்டும் நம்பிச் செடியைப் பறிப்பது ஆபத்தானது. ஒரே கீரைக்கு மாவட்டத்திற்கு ஒரு பெயர் உள்ளது. ஒரே பெயரால் இரு செடிகள் அழைக்கப்படுவதும் உண்டு. குப்பைக்கீரையும் குப்பைமேனியும் பெயரில் நெருங்கியவை, செடியில் தொடர்பற்றவை. குப்பைமேனி அன்றாடக் கீரை அன்று. இலங்கையில் குப்பைமேனி இலை சேர்த்த மூலிகைக் கஞ்சியைக் குடித்தவர்களில் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உடையோருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தது 1990களில் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. பிறவியிலேயே அமையும் இக்குறைபாடு பலருக்குத் தெரியாமலே இருக்கும்.

கீழ்க்காண்பவை நம் கொல்லைகளிலும் சாலையோரங்களிலும் வளரும் நச்சுச் செடிகள். சமைப்பதால் இவை பாதுகாப்பானவையாக மாறிவிடுவதில்லை.

- ஊமத்தை: எக்காளம் போன்ற பூ, முள் நிறைந்த காய். பூக்காத இளஞ்செடி பிற கீரைகளுடன் கலந்துவிட வாய்ப்புள்ளது. வாய் வறட்சி, கண்பாவை விரிதல், மனக்குழப்பம், படபடப்பு, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கும்.
- செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். இதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் உயிரைப் பறிக்கக்கூடியது.
- ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி: இவற்றின் விதைகளைக் குழந்தைகள் விளையாட்டாகத் தின்றுவிடுவதுண்டு.
- அரளி: எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை.
- பிரம்மதண்டு, தேள்கொடுக்கு, பார்த்தீனியம், உண்ணிச்செடி: இவற்றின் எந்தப் பகுதியையும் உணவில் சேர்க்கக் கூடாது.

பாதுகாப்பான முறை எளியது. பூ விட்ட செடியை, அதனைப் பல ஆண்டுகள் சமைத்து உண்ட ஒருவரிடம் நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பேசிச் செயலியின் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் கீரையைப் பகல் வெளிச்சத்தில் முறத்தில் பரப்பி, ஒவ்வோர் இலையாக ஆய்ந்ததுதான் மிகச் சிறந்த பாதுகாப்பு. அப்போதுதான் கலந்துவிட்ட வேற்றுச் செடி கண்ணில் படும். கைக்கு வந்ததை அப்படியே அரிந்து போடும் வழக்கத்தைத் தவிர்க்கவும்.

இரண்டாம் கேள்வி: இது எந்த மண்ணில் வளர்ந்தது?

செடி சரியானதாக இருந்தாலும் மண் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் தொழிற்கூடங்களும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் நெரிசல் மிகுந்த சாலைகளும் நிறைந்தது. கீரைகள் மண்ணிலிருந்து காட்மியம் போன்ற உலோகங்களை ஈர்த்து இலையில் சேர்த்துக்கொள்ளும். ஈயம் பெரும்பாலும் தூசியாக இலைமேல் படியும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டாலும், மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போவதில்லை. கழுவினால் தூசி நீங்கும். இலைக்குள் சென்றது நீங்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும்.

பின்வரும் இடங்களில் பறிக்காதீர்கள்:

- நெடுஞ்சாலை, பேருந்து நிறுத்தம், இருப்புப்பாதை ஆகியவற்றின் ஓரம்
- வாகனப் பட்டறை, பழைய மின்கலம் உடைக்கும் இடம், வயர் எரிக்கும் இடம், வண்ணப்பூச்சு சுரண்டிக் கொட்டிய சுவரோரம்
- கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியும் மனை, கால்வாய், கூவம் ஆற்றங்கரை
- கட்டட இடிபாடு அல்லது குப்பை கொட்டி மேடாக்கிய மனை
- களைக்கொல்லி தெளிக்கப்பட்ட இடம் (இலைகள் காரணமின்றி மஞ்சளாகவோ சுருண்டோ இருந்தால் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள்)

கழிவுநீர் பட்ட கீரையில் நாடாப்புழு, உருண்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் இருக்கக்கூடும். மனித மலத்தின் வழியே பரவும் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உடலுக்குள் சென்றால், மூளையில் கட்டிகள் தோன்றி வலிப்பு வரலாம். பன்றி இறைச்சியே உண்ணாதவர்களுக்கும் இது வரும். நன்கு வேகவைத்தால் முட்டைகள் அழிந்துவிடும். எனவே தரையோடு வளர்ந்த கீரையைப் பச்சையாக மென்று தின்பதும், பச்சையாக அரைத்துச் சாறு குடிப்பதும் கூடாது.

பறிப்பவரின் பாதுகாப்பும் முக்கியம். மழைக்குப் பின் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சிறு புண் வழியாகவே எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். புதரில் கை வைக்கும் முன் கோலால் தட்டுங்கள். பாம்பு கடித்தால் நேரத்தை வீணாக்காமல் 108ஐ அழையுங்கள்.

உங்கள் மண்மேல் ஐயம் இருக்கிறதா? இலையை உண்ணாமல் விதையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய குப்பைக்கீரைக் கதிரை உதிர்த்து, நல்ல மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிய தொட்டியில் தூவினால் ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். பொன்னாங்கண்ணியைத் தண்டு ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். மாடியில் நான்கைந்து தொட்டிகள் இருந்தால் வாரத்தில் ஓரிரு நாட்களுக்குக் கீரை கிடைக்கும். மண் எத்தகையது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் கேள்வி: இதை உண்ணப்போவது யார்?

*சிறுநீரக நோய் உள்ளவர்கள்*

இப்பகுதியை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் பொறுமையாகப் படிக்கவும்.

மூக்கிரட்டை சிறுநீர்ப் பெருக்கி எனச் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுகிறது. இதனால் 'சிறுநீரகத்திற்கு நல்லது' என்ற சொல் பரவி, செயலிழந்த சிறுநீரகம் உள்ளவர்களும் இதன் சாற்றைக் குடிக்கின்றனர். மூக்கிரட்டையில் பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் மிகையான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தால் தசைகள் தளரும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். முன்னறிகுறி ஏதுமின்றி இதயம் நின்றுவிடவும் கூடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, இரு சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் இந்த ஆபத்து அதிகம்.

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே இரத்த அழுத்த மாத்திரை பெறுபவர்கள், தங்கள் மாத்திரையின் பெயரைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகப் பாதிப்புடன் இம்மாத்திரைகளையும் உட்கொள்வோர், மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கீரைச் சாற்றையும் குடிக்க வேண்டாம். அதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து ஆக்ஸலேட் என்னும் பொருள். பருப்புக்கீரை, சாரணை, புளியாரை, குப்பைக்கீரை வகைகளில் இது மிகுதி. கேரளத்தில் இரும்பன்புளி என்னும் புளிப்புக் காயின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்ற நம்பிக்கையில் குடித்த 10 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டது 2013இல் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. குழம்பில் ஓரிரு துண்டாகச் சேர்க்கும்போது தீங்கு செய்யாத பொருள், சாறாக மிகுதியாகக் குடிக்கும்போது சிறுநீரகத்தையே அடைத்துவிட்டது. கீரைச் சாறுகளுக்கும் இப்பாடம் பொருந்தும்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் கீரை உண்ண மருத்துவர் அனுமதித்தால், பொடியாக அரிந்து, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சிறிதளவு உண்ணலாம். பொட்டாசியமும் ஆக்ஸலேட்டும் ஓரளவு நீருடன் வெளியேறும். சூப்பும் ரசமும் அந்நீரையே உணவாக்குவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

*சிறுநீரகக் கல் வந்தவர்கள்*

ஆக்ஸலேட் மிகுந்த கீரைகளை அளவோடு, வேகவைத்த நீரை நீக்கி உண்ணுங்கள். கீரையுடன் தயிரோ மோரோ கூடாது என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. கல் வந்தவர்களைப் பொறுத்தவரை, தயிரிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்துடன் வெளியேற்ற உதவுகிறது. போதிய நீர் அருந்துவதும் அவசியம்.

*இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள்*

இதய வால்வு மாற்றப்பட்டவர்களுக்கு வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. கீரையிலுள்ள வைட்டமின் கே அவற்றின் செயலைக் குறைக்கும். கீரையை அறவே விடத் தேவையில்லை. மழைக்காலத்தில் தினமும் கீரை, கோடையில் கீரையே இல்லை என்ற ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு உண்ணுங்கள். பழக்கம் மாறினால் மருத்துவரிடம் கூறி ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

*கர்ப்பிணிகள், குழந்தைகள்*

நன்கு அறிந்த கீரையை நன்கு வேகவைத்து உண்ணலாம். பச்சைச் சாறு, வேர்க் கசாயம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கைக்குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கீரை தரும்போது மண் அறியாத இடத்துக் கீரையைத் தர வேண்டாம்.

எவ்வாறு சமைப்பது?

1. இளந்தளிரை மட்டும் பறித்து, ஒவ்வோர் இலையாக ஆயுங்கள்.
2. அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கீரையை அலசுங்கள். மண் அடியில் படியாத வரை நீரை மாற்றுங்கள்.
3. கழுவிய பின் அரியுங்கள். அரிந்த பின் கழுவினால் சத்து வீணாகும்.
4. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் குறைந்த நீரில் வேகவைத்து, அந்நீருடனேயே பருப்பு சேர்த்துக் கடையலாம்.
5. சிறிது எண்ணெயில் தாளியுங்கள். கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு தேவை.
6. அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுங்கள். இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரும் காபியும் வேண்டாம்.
7. முதன்முறை உண்ணும் கீரையாயின் ஓரிரு கரண்டியுடன் நிறுத்தி, மறுநாள் வரை பாருங்கள்.

ஒரே வீட்டில் இரத்தசோகை உள்ள மகளும் சிறுநீரக நோயுள்ள தந்தையும் இருக்கலாம். மகளுக்கு வேகவைத்த நீரும் உணவு. தந்தைக்கு அந்நீர் ஆகாது. இருவருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைக்காதீர்கள்.

எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்?

கீரை உண்ட பின் கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள்:

- தொடர் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு
- குழப்பமான பேச்சு, பிதற்றல், மயக்கம், வலிப்பு
- கண்பாவை விரிதல், பார்வை மங்குதல்
- மிக வேகமான, மிக மெதுவான அல்லது ஒழுங்கற்ற நாடித்துடிப்பு
- கை கால் தளர்ச்சி, மூச்சுத்திணறல்
- சிறுநீர் குறைதல் அல்லது கருஞ்சிவப்பாகப் போதல், கண் மஞ்சளாதல்

வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மோர், உப்புநீர், எண்ணெய் ஆகியவற்றைப் புகட்டாதீர்கள். உண்ட செடியின் ஒரு கிளையையும், சமைத்ததில் எஞ்சியதையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைக்கு அது பேருதவியாகும். அதே உணவை உண்ட மற்றவர்களையும் நலமாகத் தோன்றினாலும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பொதுவான ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.

மூலிகையாகப் பயன்படுத்த விரும்பினால், சித்த மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள். அப்போது உங்கள் பிற மாத்திரைகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் காட்டுங்கள்.

கொல்லையில் முளைக்கும் கீரை, செலவின்றிக் கிடைக்கும் நல்ல உணவு. செடியை அறிந்து, மண்ணை அறிந்து, உண்பவரின் உடல்நிலையை அறிந்து பறியுங்கள். மூன்றில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும், அன்றைய கீரையைச் செடியிலேயே விட்டுவிடுவது நல்லது.